புல்லடக்கி ஐயாவின் கொதிக்கும் தீர்த்தம்

அந்த வருஷம் தை பிறந்ததும் லுணுகலைக் கடைத்தெருவில் எவர் வாயைத் திறந்தாலும் புல் பற்றித்தான் பேச்சு. தேயிலைக் கொழுந்து குறைந்தது பற்றிப் பேசவில்லை. கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல் பரவியது பற்றிப் பேசவில்லை. பண்டாரவளையோடு நின்றுவிட்ட ரயில் எப்போது பதுளைக்கு வரும் என்றுகூடப் பேசவில்லை. புல்! கல் இடுக்கில் முளைக்கிற, மாடுகூடத் திரும்பிப் பார்க்காத, விரல்நீளப் புல்!

"கேட்டீங்களா? நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்துல ஒரு சாமியார் மந்திரம் சொல்லித் தண்ணி ஊத்தினாராம். பொழுது சாயறதுக்குள்ள புல்லு பூராவும் சுருண்டு போச்சாம்!"

"புல்லா அது? செய்வினைங்க! கல்லுக்குள்ள புல்லு முளைக்கிறது சும்மாவா?"

சும்மா இல்லைதான். ஐப்பசியில் பிடித்த மழை மார்கழிவரை விடவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண் இருந்தது. மண்ணில் விதை இருந்தது. மழையும் மண்ணும் விதையும் சேர்ந்தால் புல் முளைக்கும் என்பது ஆட்டுக்குட்டிக்கும் தெரிந்த சங்கதி. மனிதர்களுக்குத்தான் அதற்கு ஒரு பேய் தேவைப்பட்டது.

பேய் தேவைப்படுகிற ஊருக்குப் பேயோட்டி வழி கேட்காமலே வந்து சேருவான். வந்து சேர்ந்தார் புல்லடக்கி ஐயா.

ஒற்றை மாட்டு வண்டி. வண்டியைச் சுற்றிச் சிவப்புத் திரை. உள்ளே ஐயா. நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, தோளில் பச்சைத் துண்டு. எந்த வீட்டு வாசலில் இறங்குகிறாரோ அந்த வீட்டுக்கு ஏற்றது முன்னால் வரும், மற்றது துணிக்குள் மறையும். கடவுள்களுக்குள் இத்தனை ஒற்றுமை எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூடவே தம்பையா என்ற சிஷ்யன். கன்னத்தில் தழும்பு, நாற்பதைத் தாண்டிய வயசு, குருவைவிடப் பெரிய தொந்தி.

ஐயாவை லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வரவழைத்தவர், அங்கே கூலியாட்களை மேய்த்த பெரிய கங்காணி இராயப்பன். அவர் புது வீடு கட்டியிருந்தார். துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் கல் பாவிய பாதையைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் வீட்டு முற்றம் முழுக்கக் கருங்கல் பலகை பாவினார். லயத்து வாசல்களுக்கும் மிச்சக் கல்லைப் போடச் சொன்னார். முதல் மழைக்கே கல் இடுக்கெல்லாம் பச்சை. ஆள் விட்டுக் கெல்லினார். மறுபடி பச்சை. பங்களாப் பாதையிலும் இதே பச்சைதான், அங்கே தோட்டக்காரர்கள் தினமும் குந்தியிருந்து கெல்லுகிறார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. துரை வீட்டுப் புல் புல். தன் வீட்டுப் புல் பகையாளியின் ஏவல்.

ஐயா முற்றத்தில் ஓமம் வளர்த்தார். ஓமத்தின்மேல் செம்புக் குடத்தை வைத்தார். கொஞ்ச நேரத்தில் குடத்துத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"பாருங்க! தீர்த்தம் கோபத்துல கொதிக்குது!" என்றான் தம்பையா.

"ஆண்டவரே!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

உச்சி வெயிலில் கொதிக்கக் கொதிக்கத் தீர்த்தம் முற்றத்தின் ஒரு பாதியில் கல் இடுக்குகளில் இறங்கியது. ஐயா பாதி வடமொழியும் பாதி உளறலுமாக முழங்கினார். மாலைக்குள் புல் சுருண்டது. மறுநாள் வைக்கோல். அதன்பிறகு ஐயாவின் வண்டி போகிற இடமெல்லாம் கோழியும் அரிசியும் பித்தளைச் சாமான்களும் வந்து குவிந்தன. லுணுகலையில் கோழி கூவிப் பொழுது விடிந்த காலம் போய், கூவுவதற்குக் கோழியே இல்லாத காலம் வந்தது.

இத்தனை அமளியிலும் மனம் குளிர்ந்திருந்தவர் ஒருவர். கடைத்தெரு முனையில் பலசரக்கும் கருவாடும் விற்ற ஜுனைதீன்.

ஜுனைதீன் கெட்டவர் அல்ல. பயந்தவர். சண்டை என்றால் கடைக்கதவைச் சாத்திக்கொள்வார். யாராவது சாமி என்றால் ஆமாம் சாமி என்பார், பேய் என்றால் ஆமாம் பேய் என்பார். தம்பையா அடிக்கடி வந்து அம்பாந்தோட்டை உப்பை மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனான். ஜுனைதீன் தட்டில் கொட்டினார், நிறுத்தார், சிரித்தார். வியாபாரியின் வாய் விலை சொல்வதற்குத் திறக்கும். கேள்வி கேட்பதற்கு அது வேறு வாய், அதை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் இருந்த அந்த வாயின் பெயர் ஸுபைரா.

"என்னங்க, அந்த தம்பையா இவ்வளவு உப்பு என்னத்துக்கு வாங்குறான்?" என்றாள் மனைவி, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய படங்குத் திரைக்குப் பின்னாலிருந்து.

"ஊறுகாய் போடுறாங்களாம்."

"ஊறுகாயா? ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினானா? ஒரு மாங்காய் வாங்கினானா? உப்பையே உப்புல ஊறப் போடுறானா?"

"வாங்குறவன்கிட்ட வாயைக் கொடுத்து, போற யாவாரத்தக் கெடுக்கச் சொல்றியா? சும்மா இரு புள்ள."

ஸுபைரா சும்மா இருந்தாள். சும்மா இருப்பதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும். ஜுனைதீனுக்கும் தெரிந்தது. மேற்கொண்டு பேசாமல் கருவாட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார்.

அவர் போன நேரம் லயத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரம். வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் வண்டி நின்றது. வீட்டுக்காரி கோழியையோ அரிசியையோ வைத்தாள். செம்புக் குடம் சாய்ந்தது. கல் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது. அடுத்த வாசல்.

லயத்தின் கடைசி வீடு மதலேனாவுடையது. புருஷன் இறந்தபின் தனியாக இருப்பவள். புல்லு வெட்டும் கூட்டத்தில் வேலை. நாக்கில் முள். வளர்த்த ஒரே கோழியை மடியில் இறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"காணிக்கை?" என்றான் தம்பையா.

"இது முட்டை போடுற கோழிங்க. மந்திரம் போடுறவருக்கு எதுக்கு?"

"வாசல்ல செய்வினை முளைச்சிருக்கு, தெரியுதா?"

"அது அருகம்புல்லு. மழை விட்டா நானே கெல்லிப் போட்டுருவேன். புல்லுக்கு எதுக்குங்க மந்திரம்? வீட்டுல சுரண்டி இல்லையா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவள் செய்த குற்றம். கோழி கொடுக்காததை ஐயா மன்னித்திருப்பார். சிரிக்க வைத்ததை மன்னிக்க முடியாது. பயந்த கூட்டம் சாமியாருக்குச் சோறு போடும். சிரித்த கூட்டம் அவரைப் பட்டினி போட்டுவிடும்.

ஐயா கோபப்படவில்லை. "பிள்ளை அறியாமல் பேசுகிறாள். அவளுக்கும் ஆசீர்வாதம் உண்டு" என்றார். தம்பையா திரைக்குள் போய்ப் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து வந்தான். அதே முழக்கம், அதே உளறல். மதலேனாவின் வாசல் கற்களிலும் தீர்த்தம் இறங்கியது. இந்தத் தடவை ஆவி எழவில்லை. ஜுனைதீன் அதைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. கண் பார்த்தது, மூளை கூடை சுமந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் லயம் முழுக்க வாசல்கள் வைக்கோல். கடைசி வாசல் மட்டும் பச்சைப்பசேல். இரண்டு பூக்கூடப் பூத்திருந்தது.

"வேர் இங்கே இருக்கிறது!" என்று அலறினார் ஐயா. "ஊரில் உள்ள புல்லெல்லாம் இந்த வாசலிலிருந்து கிளம்பியவை! லயத்தில் காய்ச்சல் ஏன் வந்தது? குழந்தைகள் ஏன் சுருண்டு கிடக்கின்றன? கேளுங்கள் இவளை!"

யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே! நேற்றுவரை அவளிடம் கருவேப்பிலை கடன் கேட்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் பிடிக்கப் போனால் குடத்தைத் தட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ராசம்மாவின் மகளுக்குக் காய்ச்சல் முற்றியிருந்தது. ராசம்மா மண்ணை அள்ளி மதலேனாவின் முகத்துக்கு நேரே தூற்றினாள். அந்தப் பிள்ளை பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் மதலேனா.

இராயப்பன் தீர்ப்புச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பெரிய வேரறுப்புப் பூசை. அன்றோடு மதலேனா தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். வேலையிலிருந்து விடுவித்ததாக எழுதிக்கொடுக்கிற துண்டு கிடையாது. துண்டுச் சீட்டு இல்லாதவளை ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்திலும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாசலில் புல் முளைத்த குற்றத்துக்கு ஒரு மனுஷி தெருவில் சாகவேண்டும். தர்மம் அப்படி.

சனிக்கிழமை மத்தியானம் மதலேனா கோழியை எடுத்துக்கொண்டு ஜுனைதீன் வீட்டுப் பின்பக்கம் வந்தாள்.

"ஸுபைராம்மா, இத நீங்க வச்சுக்கங்க. ரோட்டுல போற எனக்கு எதுக்கு கோழி? சாமி கைக்கு மட்டும் போகக்கூடாது."

"எங்கடீ போவ?"

"காலு போற பக்கம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஜுனைதீன் ஒரு துண்டுக் கருவாடு கட்டிக்கொடுத்து, 'அல்லா பாத்துக்குவான் தங்கச்சி' என்று சொல்லித் தப்பித்திருப்பார். அவள் அழாமல் நின்றதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

தரை. கடையின் பின்முற்றம். கருவாட்டுத் தொட்டியைக் கழுவி, உப்புத் தண்ணீரைத் தினமும் கொட்டுகிற இடம். அங்கேயும் கல்தான் பாவியிருந்தது. அக்கம்பக்கத்து முற்றங்களிலெல்லாம் புல் மண்டிக் கிடக்க, இங்கே ஒரு கீற்றுகூட இல்லை. வேலியோரம் கொஞ்சம் பச்சை. தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் மொட்டை. அவர் இந்தக் கடையை நடத்த ஆரம்பித்த நாள் முதல் மொட்டை. எந்த ஐயாவும் வந்து ஊதவில்லை. எந்த ஓமமும் வளர்க்கவில்லை. தினமும் இதன்மேல் செருப்பை விட்டுவிட்டு ஏறுகிறார்.

ஜுனைதீன் குனிந்தார். கல் இடுக்கில் விரலை வைத்து நாக்கில் தொட்டார்.

"என்னங்க, மண்ணத் திங்குறீங்க?" என்றாள் ஸுபைரா.

"புள்ள..." என்றார் அவர். "அவன் ஊறுகாய் போடல்ல."

"இப்பதானா தெரிஞ்சது? நீங்க வித்த உப்புதாங்க இவ தலைல விடிஞ்சிருக்கு."

"நான் என்ன செய்ய? கங்காணி என்னோட பெரிய வாடிக்கை. சாமிய எதுத்துப் பேசினா கடையில கல்லெறிவாங்க."

"எறியட்டும். அந்தக் கல்ல முற்றத்துக்குப் பாவலாம்" என்றாள் ஸுபைரா. "நம்ம மூத்தவளுக்கு மாந்தம் வந்தப்ப ராவெல்லாம் மடியில வச்சிருந்தது யாரு? கங்காணியா, சாமியா?"

அன்று கடை சாத்தும்வரை ஜுனைதீன் நிறுத்த சாமானெல்லாம் கூடுதலாக விழுந்தது. கூடுதலாக நிறுப்பது அவர் வாழ்நாளில் அதுவே முதல்தடவை. மனம் அவ்வளவு கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டு முற்றத்தில் ஊரே திரண்டிருந்தது. முற்றத்தின் ஒரு பக்கம் புல்லெல்லாம் செத்துக் கிடந்தது. இன்னொரு பக்கம், அடுத்த பூசைக்கென்று ஐயா முன்பே விட்டுவைத்தது, பச்சையாக இருந்தது. ஓமம் எரிந்தது. செம்புக் குடம் கொதித்தது. மதலேனா ஒரு மூட்டையோடு ஓரமாக நின்றாள்.

ஜுனைதீன் முன்னால் வந்தார். பின்னால் முக்காட்டோடு ஸுபைரா நின்றதால் திரும்பி ஓடவும் வழியில்லை.

"ஐயா, எனக்கு வயித்துக் கோளாறு. உங்க தீர்த்தத்துல ஒரு மடக்கு ஆறவச்சுக் குடுத்தா நல்லாப் போயிரும்."

ஐயாவின் கண் சுருங்கியது. "இது குடிக்கிற தீர்த்தம் அல்ல. புல்லுக்கானது."

"பேயை ஓட்டுற தண்ணி வயித்து வாயுவ ஓட்டாதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள்.

"நான் குடிக்க வேணாம்னா விடுங்க. தம்பையா அண்ணன் ஒரு வாய் குடிக்கட்டும். நாங்க பாத்து சந்தோசப்படுறோம்."

தம்பையா ஓர் அடி பின்னால் போனான். "எனக்கு இன்னைக்கு விரதம்" என்றான். விரதம் என்று சொன்ன வாயின் ஓரத்தில் கோழிக் குழம்பு காய்ந்திருந்தது.

இராயப்பன் எழுந்தார். "என்ன ஜுனைதீன் நானா, பூசை நேரத்துல விளையாட்டு? அங்கிட்டு போங்க."

ஜுனைதீன் போய்விட்டிருப்பார். காலும் அரை அடி எடுத்தது. அப்போதுதான் கங்காணியின் மனைவி செசிலி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவளுக்கு வேறொரு கோபம். முற்றத்து ஓரத்தில் அவள் வைத்து வளர்த்த எலுமிச்சை மரம், காயும் பூவுமாக நின்றது, தீர்த்தம் ஊற்றிய பிறகு இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மல்லிகைக் கொடி செத்தே போயிற்று.

"அவரு பேசட்டுங்க" என்றாள் புருஷனிடம். "எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. எலுமிச்ச மரத்துல என்ன செய்வினை இருந்துச்சு? அது ஏன் சாகுது?"

இராயப்பன் ஊரையெல்லாம் ஆள்வார். அவரை யார் ஆள்வது என்பது ஊருக்குத் தெரியும். உட்கார்ந்தார்.

ஜுனைதீனுக்கு இப்போது கொஞ்சம் மூச்சு வந்தது. "பெரிய விசயம் ஒண்ணும் இல்லீங்க. புல்ல கொல்லுறது மந்திரமா, தண்ணியா? அதப் பாப்போம். பீலியில இருந்து ஒரு குடம் பச்சத் தண்ணி கொண்டாங்க. ஐயா அதுக்கு எவ்வளவு மந்திரம் வேணும்னாலும் சொல்லட்டும். அத ஒரு பக்கம் ஊத்துவோம். இந்தச் செம்புக் குடத்துத் தண்ணிய மந்திரம் ஒண்ணும் சொல்லாம இன்னொரு பக்கம் ஊத்துவோம். ஊத்துறது..." அவர் சுற்றிப் பார்த்தார். "மதலேனா ஊத்தட்டும்."

"அந்தச் சூனியக்காரி முன்னால் மந்திரம் பலிக்காது!" என்றார் ஐயா.

மதலேனா மூட்டையைக் கீழே வைத்தாள். "லயத்துல பக்கத்து வீட்டு வாசல்ல ஊத்துறப்போ நான் வாசல்ல தானே குந்தியிருந்தேன்? அப்ப மட்டும் எப்படி பலிச்சுது? அப்ப சூனியம் தூங்கிப் போச்சா?"

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. நியாயம் பிடித்தது என்று நினைக்கவேண்டாம். வேடிக்கை பிடித்தது. நேற்று அவள்மேல் மண்ணை வீசிய அதே கைகள் இன்று தட்டின. "ஊத்தட்டும்! ஊத்திப் பாப்போம்!"

பீலித் தண்ணீர் வந்தது. ஐயா வேறு வழியில்லாமல் முழங்கினார். தொண்டை கட்டும்வரை முழங்கினார். பச்சையாக இருந்த பக்கத்தில் சாம்பலால் கோடு கிழித்து, ஒரு பாதியில் அதை ஊற்றினார்கள். அடுத்த பாதியில் மதலேனா செம்புக் குடத்தைக் கவிழ்த்தாள். மந்திரத்துக்குப் பதில், "வழுக்குது, காலப் பாத்து வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

செசிலி சும்மா நிற்கவில்லை. குசினிக்குள் போய்ச் சோற்றுக்கு உலை கொதித்த பானையைத் தூக்கி வந்து, மூலையில் மிச்சமிருந்த புல்மேல் ஊற்றினாள்.

"இது என்னத்துக்கு?" என்றார் இராயப்பன்.

"கொதிக்கிற தண்ணியில கீரை வேகுதுல்ல? புல்லு வேகாதா? அதையும் பாத்துருவோம்."

பிறகு காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. ஒருவரும் போகவில்லை. ஐயாவுக்கு மட்டும் திடீரென்று தியானத்துக்கு நேரமாயிற்று. "வண்டியில் போய் உட்கார்ந்து தியானம் செய்கிறேன்" என்றார். வண்டி மாட்டை யாரோ ஏற்கெனவே அவிழ்த்து மேயவிட்டிருந்தார்கள். அவிழ்த்தது ஸுபைரா என்று பின்னால் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் புல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மதலேனா ஊற்றிய பாதி சுருண்டு படுத்தது. செசிலியின் உலைத்தண்ணீர் பட்ட மூலையும் வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தது. ஐயா தொண்டை கிழிய மந்திரித்த பாதி? அது தாகம் தீர்ந்த சந்தோஷத்தில் காலையில் இருந்ததைவிட நிமிர்ந்து நின்றது. காற்றில் தலையை வேறு ஆட்டியது.

இராயப்பன் எழுந்து போனார். செம்புக் குடத்தின் அடியில் தங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. துப்பினார்.

"உப்பு!"

"பேய்!" என்று கத்தினார் ஐயா. கடைசி முயற்சி. "பேய்தான் தீர்த்தத்தை உப்பாக்கிவிட்டது!"

"பேய்க்கு உப்பு எங்க கிடைக்கும்?" என்றாள் மதலேனா. "லுணுகலையில உப்பு விக்கிறது ஜுனைதீன் நானா மட்டும்தான். நானா, பேய் வந்து வாங்கிச்சா?"

"பேய் வரல்ல" என்றார் ஜுனைதீன். முதல்முறையாக அவர் குரல் கூட்டத்தின் கடைசிவரை கேட்டது. "தம்பையா வந்தான். மூட்டை மூட்டையா வாங்கினான். நானும் ஏன்னு கேக்காம வித்தேன். அது என் தப்பு."

செசிலி வண்டித் திரையை விலக்கினாள். உள்ளே உப்பு மூட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் பித்தளைக் குடம், பாதியளவு பச்சைத் தண்ணீரோடு. காணிக்கை கொடுத்தவனுக்குச் செம்பு, கொடுக்காதவனுக்குப் பித்தளை. கொடுத்தவன் வாசலில் புல் சாகும். கொடுக்காதவன் வாசலில் புல் தழைக்கும், அவன் சூனியக்காரன் ஆவான். அடுத்த தடவை யார்தான் கொடுக்காமல் இருப்பான்? சாத்திரம் அவ்வளவுதான். இதற்கு வடமொழி வேறு.

தம்பையா தொப்பென்று உட்கார்ந்தான். "என்னைய அடிக்காதீங்க. இவரு சாமியே இல்ல. கண்டியில சோத்துக்கடையில உப்புக்கண்டம் போட்டுக்கிட்டு இருந்தவரு. அந்த உப்புத் தண்ணி ஊத்தின இடத்துல புல்லு செத்ததப் பாத்துட்டுத்தான் கிளம்பினோம்."

அடிக்கத்தான் பார்த்தார்கள். நேற்றுக் காலில் விழுந்தவர்கள்தான் இன்று கம்பெடுத்தார்கள். ஏமாந்தவனுக்கு ஏமாற்றியவன்மேல் வருகிற கோபத்தில் முக்கால்வாசி தன்மேல் வரவேண்டியது. மதலேனா குறுக்கே நின்றாள்.

"அடிச்சா நாளைக்கே போயிருவாங்க. எல்லா வாசல்லயும் செத்த புல்லும் வேரும் அப்படியே கிடக்கு. ஆளுக்கொரு சுரண்டி குடுங்க."

அப்படியே ஆயிற்று. அடுத்த வாரம் முழுக்க ஐயாவும் சிஷ்யனும் லயத்து வாசல்களில் குந்தியிருந்து, கல் இடுக்கைச் சுரண்டினார்கள். ஊரைச் சுரண்டிப் பழகிய கை. கல்லைச் சுரண்டத்தான் கொஞ்சம் வலித்தது. வேரோடு கெல்லிய இடுக்கில் மணலும் சுண்ணாம்பும் கலந்து அடைக்கச் சொன்னாள் செசிலி. திரும்ப முளைத்த ஒன்றிரண்டுக்கு உலைத்தண்ணீர் போதுமாக இருந்தது. உப்பு மட்டும் வேண்டாம் என்றாள். அவள் எலுமிச்சை மரத்தைச் சுற்றிய மண்ணை வெட்டி எடுத்துப் புதுமண் போட்டும், ஒரு கிளைதான் பிழைத்தது.

இராயப்பன் மதலேனாவைக் கூப்பிட்டு, "போனது போகட்டும். நீ இங்கேயே இரு" என்றார் பெரிய மனசோடு.

"இருக்கேங்க. ஆனா போனது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல. பீலியில என் குடத்தத் தட்டிவிட்டவங்க இன்னும் இங்கதானே இருக்காங்க?"

ராசம்மா மட்டும் அன்று சாயங்காலம் மதலேனாவின் வாசலில் வந்து நின்றாள். காய்ச்சல்காரப் பிள்ளை இடுப்பில் இருந்தது. மதலேனா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையை வாங்கி, "கஞ்சி ஏதாச்சும் குடுத்தியா, இல்ல அதையும் சாமிக்குக் குடுத்துட்டியா?" என்றாள். மறுநாள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை பிழைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜுனைதீன் கடை முன்னால் ஒரு சிறு கூட்டம். கையில் கோழிகள். முன்னால் நின்ற பெரியவர் கும்பிட்டார்.

"நானா, அந்தச் சாமிய நீங்க ஒரே நாள்ல ஜெயிச்சிட்டீங்க. அப்ப உங்க மந்திரம் அவரோடதவிட பெருசு. எங்க வீட்டு முற்றத்துக்கும் கொஞ்சம் ஓதித் தண்ணி குடுங்க."

கோழிகள் நல்ல கொழுத்த கோழிகள். உண்மையைச் சொல்வதானால், ஒரு நிமிஷம் ஜுனைதீனின் கண் அவற்றின்மேல் தங்கிவிட்டது. சாமியார்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. இப்படித்தான் யாராவது கையைப் பிடித்து மேடையில் ஏற்றுகிறார்கள்.

திரை விலகியது. ஸுபைரா வெளியே வந்தாள். பெரியவரின் கையிலிருந்த கோழியை வாங்கிக் கீழே விட்டாள். அது ஓடிப்போயிற்று. காலியான கையில் ஒரு சுரண்டியைத் திணித்தாள்.

"ஓதியாச்சு. போய் குந்தியிருந்து கெல்லுங்க."

"இதுல மந்திரம் இருக்காம்மா?" என்றார் பெரியவர், பயபக்தியோடு சுரண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு.

பெரியவரே! கல்லில் முளைத்த புல்லுக்கு உலைத்தண்ணீர் உண்டு, சுரண்டி உண்டு, சுண்ணாம்பு உண்டு. மண்டைக்குள் முளைத்ததைக் கெல்ல கூலிக்கு ஆள் கிடைக்கமாட்டான். அதை அவரவர்தான் குந்தியிருந்து பிடுங்கவேண்டும். கை வலிக்கும். பரவாயில்லை, பிடுங்குங்கள்.